ஒரு சாணும் நாலு விரலும்

மலை முகாம்
12 நவம்பர் 2014

அன்புள்ள மங்களா அக்காவுக்கு,

தம்பி நிங்கராஜு நமஸ்காரம் சொல்லி எழுதுவது. நான் இங்கே சௌக்கியம். அம்மாவின் முழங்கால் வலி, மாமாவின் இருமல், உன் பால் சொசைட்டித் தலைவலி எல்லாம் எந்த மட்டில் இருக்கின்றன என்று தெரிவிக்கவும்.

மேலே ஏறியாகிவிட்டது. இனி மே மாதம்தான் இறக்கம். இங்கே சொந்தப் போன் கூடாது. மாதம் ஒருமுறை ராணுவப் போனில் மூன்று நிமிஷம் கிடைக்கும். அதில் இரண்டரை நிமிஷம் அம்மா அழுவாள், மிச்சத்தில் சாப்பிட்டாயா என்பாள். அதனால் விஷயமெல்லாம் கடிதத்தில்தான்.

என் புதுப் போனை உன்னிடம் விட்டு வந்தது பெட்டியில் வைத்துப் பூட்டுவதற்கு அல்ல. எடுத்துப் படம் பிடி. அம்மா, வீடு, பின்னால் இருக்கும் குன்று, பக்கத்து வீட்டு ஹொன்னம்மாவின் பசு தும்பெ, எல்லாம் வேண்டும். டவுன் ஸ்டூடியோவில் பிரிண்ட் போட்டு அனுப்பு. தும்பெ பிறந்தபோது காலைப் பிடித்து இழுத்தவன் நான் என்பதை ஹொன்னம்மா மறந்திருக்க மாட்டாள்.

ஒன்று மட்டும் கேள். சொசைட்டியில் கொடுத்த போனால் எடுக்காதே. அதில் இருப்பது ஃபிக்ஸட் ஃபோகஸ் கேமரா. அதன் லென்ஸ் ஒரே இடத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும். நாலடி தள்ளி இருப்பது தெரியும், கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது கஞ்சியாகக் கலங்கிவிடும். என்னுடையது ஆட்டோ ஃபோகஸ். கிட்டே இருந்தாலும் எட்ட இருந்தாலும் தானே தேடிப் பிடித்துத் தெளிவாக்கிக்கொள்ளும். மாட்டு வண்டிக்கும் பஸ்ஸுக்கும் உள்ள வித்தியாசம் என்று வைத்துக்கொள்.

பனி கொஞ்சம் விழுகிறது. பயப்பட ஒன்றுமில்லை.

பாசமுள்ள தம்பி,
நிங்கராஜு


தெங்கினஹள்ளி
1 டிசம்பர் 2014

சிரஞ்சீவி நிங்கராஜுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் பனிக்காலத்தைத் தொடங்கிவிட்டது. மாமாவின் இருமல் எனக்குப் பழகிவிட்டது, அவருக்குத்தான் இன்னும் பழகவில்லை. நீ காதை மூடிக்கொண்டு படு.

இங்கே ஒரு வம்பு முளைத்திருக்கிறது. மாட்டு இன்ஷூரன்ஸுக்கு இனிமேல் காதில் மாட்டும் மஞ்சள் வில்லையின் நம்பர் மட்டும் போதாதாம். கால்நடை டாக்டர் நஸ்ரீன் வந்து சொல்லிவிட்டுப் போனார். "மனுஷனுக்குக் கட்டைவிரல் ரேகை எப்படியோ, மாட்டுக்கு மூக்கு ரேகை அப்படிம்மா. ஒண்ணு மாதிரி இன்னொண்ணு இருக்காது. ஒவ்வொரு மாட்டோட மூக்கையும் கோடு கோடாத் தெரியற மாதிரி படம் எடுத்துக் குடுங்க." நம் சொசைட்டியில் ஐம்பத்தெட்டு மாடுகள். செயலாளர் நான், எடுக்க வேண்டியவளும் நான். சொசைட்டி போனால் எடுத்து அனுப்பிய முதல் பத்தும் திரும்பி வந்துவிட்டன. ஒன்றிலும் மூக்கு இல்லை. கருப்பாக ஏதோ இருக்கிறது, அவ்வளவுதான்.

தலைவர் சன்னேகௌடருக்கு வசதியாகப் போயிற்று. கூட்டத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார்: "இந்தப் போனை வச்சுக்கிட்டு நீ என்னம்மா பண்ணுவ, பாவம். நம்ம சுஹாஸ் பெங்களூர்லேருந்து வந்திருக்கான், பெரிய போன் வச்சிருக்கான். ஜனவரி முடியறதுக்குள்ள நீ எடுத்து முடிச்சா சரி. இல்லேன்னா செயலாளர் வேலையையும் அவனே பார்க்கட்டும்." சுஹாஸ் அவருடைய தங்கை மகன். பசுவுக்குக் காம்பு எத்தனை என்று இப்போதுதான் எண்ணிப் பழகுகிறான்.

ஒன்பது வருஷமாக விடிவதற்கு முன் எழுந்து பால் அளந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன், நிங்கா. ஒரு போனுக்காக எழுந்து போக மாட்டேன்.

உன் போனை ஒருநாள் சொசைட்டிக்கு எடுத்துப் போனேன். இப்போது அது ராகி மூட்டைக்குள் பத்திரமாக இருக்கிறது. அவரைக்காய் இந்த வருஷம் நல்ல காய்ப்பு.

இரண்டு படங்கள் வைத்திருக்கிறேன். அம்மா தேங்காயை உன்னிடம் நீட்டுவது போல நிற்பது ஒன்று. தும்பெயும் ஹொன்னம்மாவும் ஒன்று. "புருஷன் போனப்புறம் என் அடுப்பை எரிய வைக்கறது இவதான். இவளை நல்லாப் புடி மங்களா" என்று சொல்லிக்கொண்டே நின்றாள்.

கம்பளியை இரண்டாகப் போட்டுக்கொள்.

ஆசீர்வாதத்துடன்,
அக்கா மங்களா


மலை முகாம்
19 டிசம்பர் 2014

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் நமஸ்காரம். நான் நலம். உங்கள் நலம் படித்து மகிழ்ந்தேன். அவரைக்காய்ச் செய்தியைப் படித்துவிட்டு இரண்டு நாள் டின் பருப்பு இறங்கவில்லை.

படங்கள் வந்தன. என் தலைமாட்டில் ஒட்டியிருக்கிறேன். அம்மாவுக்குப் பின்னால் குன்றின் பாறை ஒவ்வொன்றும் தெரிகிறது. கையில் அவள் நீட்டுவது தேங்காய் என்று நீ எழுதியதால் தேங்காய். என்னோடு இருக்கும் சிப்பாய் தாபா தும்பெயை வெகுநேரம் பார்த்துவிட்டு, "உங்க ஊர்ப் பொண்ணுங்க எல்லாருமே இப்படி லட்சணமா இருப்பாங்களா?" என்று கேட்டான்.

என் போனால் எடுத்தால் ஐம்பத்தெட்டு மூக்கும் இரண்டு நாளில் முடியும். அதை ஏன் ராகி மூட்டையில் வைத்தாய்? களி கிண்டவா? எழுது.

ஏதோ காரணத்தால் சொசைட்டி போனால்தான் எடுத்தாக வேண்டும் என்றால் ஒன்று செய்து பார். கிட்டே போகாதே. மூன்றடி தள்ளி நின்று எடு, பிறகு படத்தைப் பெரிதாக்கு. வில்லை நம்பராவது தெரியும்.

சன்னேகௌடர் சொன்னதைத் தாபாவிடம் மொழிபெயர்த்துச் சொன்னேன். அவன் சொன்னான்: "உங்க அக்கா எழுந்திருக்க மாட்டாங்க. படத்துல அவங்க நிழல் விழுந்திருக்கு பாரு. நிழலே இடுப்புல கை வச்சுக்கிட்டு நிக்குது."

இனி கொஞ்ச நாள் தபால் தாமதமாகலாம். பாதை அடைபடும் காலம். கவலைப்படாதே.

உன் தம்பி,
நிங்கராஜு


தெங்கினஹள்ளி
2 ஜனவரி 2015

சிரஞ்சீவி நிங்கராஜுவுக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். எல்லோரும் நலம். அம்மா மட்டும் என்மேல் கோபமாக இருக்கிறாள், காரணம் கீழே வரும்.

நீ சொன்னபடி மூன்றடி தள்ளி நின்று எடுத்தேன். வில்லை நம்பர் பளிச்சென்று விழுந்தது. மூக்கைப் பெரிதாக்கினால் மட்டும் கோடுகள் கரைந்துவிடுகின்றன. சுஹாஸும் தெருத் தெருவாக மாடு பிடிக்கத் தொடங்கிவிட்டான். அவன் போனும் உன்னுடையதைப் போலத் தேடும் கண்தான்.

முந்தாநாள் அம்மா வாசலில் நின்று, "அதோ மேட்டுல வர்ற பஸ்ஸு நம்ம ஊரு பஸ்ஸு இல்லை, நம்பர் வேற" என்றாள். மேடு இருநூறு கஜம் தள்ளி. அடுத்த நிமிஷமே கல்யாணப் பத்திரிகை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, "என் கண்ணாடி எங்கடி, ஒரு எழுத்தும் தெரிய மாட்டேங்குது" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தூரத்தில் இருப்பது தெரியும், கையில் இருப்பது தெரியாது. சொசைட்டி போனுக்கும் அதே வெள்ளெழுத்துதான். அப்படியானால் மருந்தும் அதேதானே?

அம்மா மூக்கில் ஏற்றிக்கொண்ட கண்ணாடியை அப்படியே கழற்றினேன்.

"ஏண்டி, மாட்டுக்கா போடப் போற?"

"மாட்டுக்கு இல்லம்மா, போனுக்கு."

"எனக்கு?"

"நீ பஸ் நம்பர் படி."

கண்ணாடியை போன் கேமராவின் முன்னால் பிடித்துப் பார்த்தேன். கிட்டே போக, எட்ட வர, ஓர் இடத்தில் பத்திரிகையின் பொடி எழுத்து அத்தனையும் எழுந்து நின்றது. ஒரு விரல் முன்னே போனால் இல்லை, ஒரு விரல் பின்னே வந்தால் இல்லை. கையால் அளந்தேன். ஒரு சாணும் நாலு விரலும். ஒரு பக்கக் கண்ணாடியை மட்டும் கழற்றி ரப்பர் பாண்டால் போனில் கட்டினேன். அந்த நீளத்துக்குத் தென்னை ஈர்க்குச்சி ஒன்றை நறுக்கிப் பக்கத்தில் நீட்டி வைத்தேன். குச்சியின் நுனி எதைத் தொடுகிறதோ அது தெளிவு.

முதலில் தும்பெயிடம்தான் போனேன். மூக்கைத் துணியால் துடைத்து, கையில் வெல்லம் வைத்துக்கொண்டு நின்றேன். மாடு புதுப் பொருளை மோந்து பார்க்காமல் விடுமா? அவளே மூக்கை நீட்டி வந்தாள். குச்சியின் நுனி பட்டதும் அழுத்தினேன். நிங்கா, அந்த மூக்கில் உள்ள கோடு, புள்ளி, பள்ளம் எல்லாம் விழுந்திருக்கிறது. இடது துவாரத்துக்குக் கீழே ஒரு கோடு இரண்டாகப் பிரிகிறது. பிறகு அவள் வெல்லத்தையும் குச்சியையும் சேர்த்துத் தின்றுவிட்டாள். வேறு குச்சி நறுக்கிக்கொண்டேன்.

நீ கேட்ட மற்ற விஷயங்களுக்குப் பதில் எழுத இந்தத் தாளில் இடமில்லை.

அக்கா மங்களா


தெங்கினஹள்ளி
18 ஜனவரி 2015

சிரஞ்சீவி நிங்கராஜுவுக்கு,

சங்கராந்தி ஆசீர்வாதம். எள்ளும் வெல்லமும் கலந்து தனிப் பொட்டலமாக அனுப்பியிருக்கிறேன். தின்றுவிட்டு நல்லதாக நாலு வார்த்தை பேசு, தாபாவுக்கும் கொடு. நாங்கள் நலம். உன் நலத்துக்குக் கடிதம் இன்னும் வரவில்லை. பாதை அடைபட்டிருக்கும் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

சங்கராந்தி சாயங்காலம் வழக்கம்போல ஊர் முனையில் வைக்கோல் பரப்பி நெருப்பு வைத்து மாடுகளைத் தாண்டவிட்டார்கள். தும்பெக்கு ஹொன்னம்மா கொம்பில் வர்ணம் பூசி, கழுத்தில் செவ்வந்தி கட்டியிருந்தாள். சுஹாஸ் முன் வரிசையில் பெரிய போனைத் தூக்கிக்கொண்டு நின்றான். என்னைப் பார்த்து, "மங்களக்கா, இன்னிக்கு கண்ணாடி போடலியா? உங்க போனுக்கு ராத்திரி கண்ணு தெரியுமா?" என்றான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

நான் கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டேன். பத்தடி தூரத்தில் ஓடும் மாட்டுக்குக் கண்ணாடி எதற்கு?

மாடுகள் வந்தன. நெருப்பைத் தாண்ட ஒரு மாட்டுக்கு எவ்வளவு நேரம் ஆகும், கண் மூடித் திறக்கும் நேரம். சுஹாஸின் போன் அதற்குள் நெருப்பைப் பார்க்கலாமா, புகையைப் பார்க்கலாமா, மாட்டைப் பார்க்கலாமா என்று தேடிக்கொண்டிருந்தது. அது முடிவு செய்தபோது மாடு அடுத்த தெருவில் இருந்தது. அவனுக்குக் கிடைத்தது ஒன்பது படத்தில் ஏழு வால். என் போன் தேடாது. அழுத்தினேன், எடுத்தது. படம் கொஞ்சம் அசைந்திருந்தாலும் தும்பெ முழுசாக நெருப்பின் மேலே இருக்கிறாள், நாலு காலும் ஆகாயத்தில். செவ்வந்தி மாலை மேலே பறக்கிறது.

ஹொன்னம்மா அந்தப் படத்தை ஊர் முழுக்கக் காட்டிவிட்டாள். "சுஹாஸு, உன் போனுல இருக்கற வாலெல்லாம் யாரோடதுன்னு ரேகை பார்த்துச் சொல்லு" என்று அவனிடமே கேட்டாள். பையன் நல்லவன்தான், அவனும் சிரித்துவிட்டான்.

நாற்பத்தொரு மூக்கு முடிந்தது. பதினேழு பாக்கி. படத்தை வைத்திருக்கிறேன். கிடைத்ததும் ஒரு வரி எழுது, ஒரே வரி போதும்.

அக்கா மங்களா


தெங்கினஹள்ளி
6 பிப்ரவரி 2015

நிங்கராஜுவுக்கு,

ஆசீர்வாதம். நாங்கள் நலம். நீ நலமா?

முதலில் நல்லதை எழுதுகிறேன். ஜனவரி முப்பதாம் தேதி டாக்டர் நஸ்ரீன் வந்து இரண்டு பேர் படங்களையும் சொசைட்டி மேஜையில் வைத்துப் பார்த்தார். சுஹாஸ் வெளியில் வெயிலில் எடுத்தது எல்லாம் கண்ணாடிபோல இருந்தது, அதை நானே ஒத்துக்கொள்கிறேன். கொட்டகைக்குள் எடுத்ததுதான் தகராறு. அந்த மங்கல் வெளிச்சத்தில், தலையை ஆட்டிக்கொண்டிருக்கும் மாட்டின் ஈரக் கருப்பு மூக்கில் அவன் போனுக்குப் பிடி கிடைக்கவில்லை. கிடைத்ததைப் பிடித்துக்கொண்டது. டாக்டர் ஒவ்வொன்றாகத் தள்ளி வைத்துச் சொன்னார்: "கயிறு ரொம்ப நல்லா விழுந்திருக்கு சுஹாஸ். ஆனா கயித்துக்கு இன்ஷூரன்ஸ் கிடையாது." என்னுடைய ஐம்பத்தெட்டும் தேறின. சன்னேகௌடர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "மங்களாவே இருக்கட்டும்" என்றார். நான் எழுந்திருக்கவில்லை, நிங்கா.

அந்தச் சந்தோஷம் ஐந்து நாள்கூட நிற்கவில்லை. புதன்கிழமை விடியற்காலை ஹொன்னம்மா கொட்டகைக்குப் போனபோது கயிறு மட்டும் கிடந்தது, அறுத்த கயிறு. தும்பெயைக் காணோம். தோப்பு, ஏரி, தார் ரோடு எல்லாம் தேடினோம். ரோட்டோரம் லாரி டயர் தடம் இருந்தது. போலீஸில் எழுதிக் கொடுத்தோம். எழுதிக்கொண்டவர், "காது வில்லையை அறுத்துட்டு வித்துடுவாங்கம்மா, அப்புறம் எந்த மாடு யார் மாடுன்னு எப்படிச் சொல்றது" என்றார்.

ஹொன்னம்மா அழவில்லை. காலையில் வழக்கமான நேரத்துக்குக் காலிப் பாத்திரத்தோடு வந்து பால் வரிசையில் நிற்கிறாள். அவள் முறை வரும்போது நான் அவள் பெயர் எழுதிக் கோடு போடுகிறேன்.

அந்த மூக்கு என் போனில் இருக்கிறது. ஞாயிறு தவறாமல் சந்தை சந்தையாகப் போகப் போகிறேன்.

உன் கடிதம் வந்து ஐந்து வாரம் ஆகிறது. போன மாதம் ராணுவப் போனும் வரவில்லை.

அக்கா


மலை முகாம்
10 பிப்ரவரி 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். நான் சௌக்கியம். உன் ஜனவரி இரண்டாம் தேதிக் கடிதம் இப்போதுதான் மேலே வந்தது. அதற்குப் பிறகு எழுதியது ஏதாவது இருந்தால் கீழே மூட்டையில் கிடக்கும். கையெழுத்து கோணலாக இருக்கிறதே என்று பார்க்காதே, கையுறை போட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

அம்மாவின் கண்ணாடி விஷயத்தை இங்கே எட்டுப் பேருக்கும் படித்துக் காட்டினேன். எங்கள் சுபேதார், "இந்தப் பொம்பளையை நம்ம சிக்னல் பிரிவுல சேர்த்தா என்ன?" என்று கேட்டார். நான் இத்தனை நாள் பஸ், மாட்டு வண்டி என்று எழுதியதை வாபஸ் வாங்குகிறேன். தேடும் கண்ணுக்குப் புத்தி அதன் உள்ளே இருக்கிறது. சொசைட்டி போனில் இருப்பதுபோன்ற நிலைக்கண்ணுக்குப் புத்தி பிடித்திருப்பவரிடம் இருக்க வேண்டும். உன்னிடம் இருந்தது.

தும்பெ எப்படி இருக்கிறாள்? நெருப்புத் தாண்டினாளா? எனக்கு அவள் மூக்குப் படம் ஒன்று வேண்டும்.

இன்னொன்று. கால் பக்கம் காலியாக விட்டுவிட்டு இடமில்லை என்று எழுதியிருக்கிறாய். ராகி மூட்டை சுகமா?

உன் தம்பி,
நிங்கராஜு


தெங்கினஹள்ளி
24 பிப்ரவரி 2015

சிரஞ்சீவி நிங்கராஜுவுக்கு,

ஆயிரம் ஆசீர்வாதம். நேற்றுத்தான் உன் கடிதம் வந்தது. அம்மா அதை வாங்கிச் சாமி படத்தின் முன்னால் வைத்துவிட்டாள், படித்துக் காட்டவே அரைமணி நேரம் கெஞ்ச வேண்டியிருந்தது. எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் தும்பெயும் சேர்த்துத்தான்.

முழுசாகச் சொல்கிறேன். இரண்டு ஞாயிறு வெறுங்கையோடு திரும்பினோம். மூன்றாவது ஞாயிறு, அதாவது முந்தாநாள், பக்கத்துத் தாலுகாச் சந்தை. நான், ஹொன்னம்மா, கூடவே மோட்டார் சைக்கிளில் சுஹாஸ். "எனக்கும் அந்த மாட்டோட ஏழு வால் பழக்கம் இருக்கு, நானும் வர்றேன்" என்றான்.

புளியமரத்தடியில் வரிசையாகக் கட்டியிருந்த மாடுகளில் நாலாவதைப் பார்த்ததும் ஹொன்னம்மா என் கையைப் பிடித்தாள். பிடித்த இடம் இன்னும் கன்றியிருக்கிறது. காது கிழிந்திருந்தது. நெற்றிச் சுழியில் கருப்புச் சாயம். கொம்பு நுனியைச் சீவியிருந்தார்கள். வியாபாரி வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"இது எங்க மாடு" என்றாள் ஹொன்னம்மா.

"எங்க வீட்டுல பொறந்து வளர்ந்ததும்மா. காது முள்ளுல கிழிஞ்சது. உன் மாடுன்னா பேரு எழுதி ஒட்டியிருக்கா?"

"எழுதியிருக்கு" என்றேன் நான். "மூக்குல எழுதியிருக்கு."

அவன் சிரித்தான், பக்கத்து வியாபாரிகளும் சிரித்தார்கள். சந்தைக் காவலுக்கு இருந்த ஹெட் கான்ஸ்டபிளைச் சுஹாஸ் போய்க் கூட்டிக்கொண்டு வந்தான். டாக்டர் நஸ்ரீனுக்குப் போன் செய்தேன். அவர் வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். அந்த ஒரு மணி நேரமும் ஹொன்னம்மா மாட்டின் கயிற்றையும், வியாபாரி அதே கயிற்றின் இன்னொரு நுனியையும் விடாமல் பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு வேறொன்று தோன்றியது. போனில் கண்ணாடியைக் கட்டி, குச்சியை நீட்டிக்கொண்டு நாலடி தள்ளி நின்றேன். கையில் வெல்லம்கூட இல்லை. தும்பெ தலையைத் தூக்கிப் பார்த்தாள். அப்புறம் இரண்டு பேர் பிடியையும் இழுத்துக்கொண்டு நேராக என்னிடம் நடந்து வந்து, குச்சியின் நுனியில் மூக்கை வைத்து, அசையாமல் நின்றாள். படம் எடுக்க வந்த கல்யாணப் பெண் மாதிரி. வியாபாரியின் சிரிப்பு அப்போது நின்றது.

டாக்டர் வந்து, "மாடு வந்து நின்னதெல்லாம் சாட்சி ஆகாது, ரேகையைப் பார்ப்போம்" என்றார். புதுப் படம் நல்ல வெயிலில், எல்லோர் கண் முன்னாலும் எடுக்க வேண்டும். சுஹாஸைப் பார்த்தேன். மாடு கட்டிக் கிடக்கிறது, வெளிச்சம் கொட்டிக் கிடக்கிறது, இது அவன் போனுக்கு உரிய இடம். அவன் மூக்கைத் துடைத்து ஒரே ஒரு படம் எடுத்தான். அதன் கண் ஒரு முறை தேடியது, பிடித்தது. அவ்வளவு துல்லியம் என் போனில் வராது.

இரண்டு போனையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். என் போனில் ஜனவரி, அவன் போனில் பிப்ரவரி. இடது துவாரத்தின் கீழே ஒரு கோடு இரண்டாகப் பிரிகிறது, இரண்டிலும். பிரிந்த இடத்துக்கு அருகில் மணிபோல மூன்று புள்ளி, இரண்டிலும். டாக்டர் பதினான்கு இடங்களை விரல் வைத்துக் காட்டினார். ஹெட் கான்ஸ்டபிள் தன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எண்ணினார். பதினான்கு எண்ணி முடித்ததும் வியாபாரியின் கையிலிருந்த கயிற்றை வாங்கி ஹொன்னம்மாவிடம் கொடுத்துவிட்டு அவனிடம், "வா, ஸ்டேஷன்ல போய் உங்க வீட்டுல எப்படிப் பொறந்துதுன்னு சொல்லு" என்றார்.

ஹொன்னம்மா அப்போதுதான் அழுதாள்.

ஊருக்குப் பதினொரு மைல். வண்டி பேசலாம் என்றால் கேட்கவில்லை. "அவ நடந்தே வரட்டும், வழியெல்லாம் பார்க்கட்டும்" என்றாள். நாங்கள் ஊர் எல்லைக்கு வந்தபோது தமட்டை மேளத்தோடு பாதி ஊர் நின்றது, முன்னால் சன்னேகௌடர் ஆரத்தித் தட்டோடு. தும்பெக்கு எடுத்துவிட்டு எனக்கும் எடுத்தார். "மங்களா, நான் சொன்னதை மனசுல வச்சுக்காத" என்றார். "வச்சுக்க மாட்டேன் கௌடரே, போன்ல வச்சிருக்கேன்" என்றேன். ஊரே சிரித்தது.

இன்று காலை ஹொன்னம்மா நிறைந்த பாத்திரத்தோடு வரிசையில் நின்றாள். அவள் பெயருக்கு நேரே எழுதும்போது எனக்குக் கண் மறைத்தது.

மூக்குப் படம் வைத்திருக்கிறேன். கையுறை போட்டு எழுதினாய் என்று நம்புகிறேன்.

அக்கா மங்களா


அடிவார மருத்துவமனை
15 மார்ச் 2015

அன்புள்ள அக்காவுக்கு,

நமஸ்காரம். மேலே உள்ள இடத்தின் பெயரைப் படித்துவிட்டு உட்காராதே, நின்றுகொண்டே படி. நான் நன்றாக இருக்கிறேன்.

உன் மூன்று கடிதங்களும் எள்ளு வெல்லமும் ஒரே நாளில் கிடைத்தன. தேதி வாரியாக அடுக்கிப் படித்தேன். திருட்டுக் கடிதத்தைப் படித்துவிட்டு அடுத்ததைப் பிரிக்கக் கை வரவில்லை, பக்கத்துக் கட்டில்காரன் பிரித்துக் கொடுத்தான். பதினான்கு என்று படித்தபோது நான் கத்தியதில் நர்ஸ் ஓடி வந்துவிட்டாள். இப்போது இந்த வார்டில் எல்லோருக்கும் தும்பெயின் மூக்கு மனப்பாடம்.

இனி உண்மை. ஜனவரியில் பனிப்புயலில் ஆறு நாள் மாட்டிக்கொண்டோம். எல்லோரும் பிழைத்தோம். எனக்கு வலது கையில் இரண்டு விரல் நுனி பனியில் கருத்துவிட்டது. அன்று எழுதியது கையுறையால் அல்ல, இடது கையால். விரல்கள் தப்பிவிட்டன, ஒன்றும் வெட்டவில்லை. தோல் உரிந்து வழவழவென்று இருக்கிறது, அவ்வளவுதான். ரேகை இல்லை. மெதுவாகத் திரும்பி வரும் என்கிறார் டாக்டர். பதிவேட்டில் கட்டைவிரலும் பக்கத்து விரலும் வைக்கச் சொன்னால் வெறும் மைதான் ஒட்டுகிறது.

நான் சொல்லிவிட்டேன். நீயும் சொல்ல வேண்டாமா? உன் முதல் படத்திலேயே எனக்குத் தெரியும் அக்கா. அம்மாவின் கையில் நீட்டிய தேங்காய் கலங்கியிருந்தது, பின்னால் குன்று தெளிவாக இருந்தது. என் போன் எடுத்திருந்தால் தேங்காயின் குடுமி நாரை எண்ணியிருக்கலாம். ராகி மூட்டை என்று படித்ததும் மிச்சமும் புரிந்தது. நனைந்த போனை ஈரம் இழுக்கத்தானே தானியத்தில் போடுவார்கள். தண்ணீர்த் தொட்டியா, ஏரியா என்பது மட்டும்தான் தெரியவில்லை. அதனால்தான் மூன்றடி தள்ளி நின்று எடு என்று எழுதினேன். கோபம் இல்லை. அந்தப் போன் நன்றாக இருந்திருந்தால் நீ அம்மாவின் கண்ணாடியைக் கழற்றியிருக்க மாட்டாய்.

ஏப்ரல் இருபதாம் தேதி காலை ரயிலில் வருகிறேன். இரண்டு மாதம் விடுப்பு.

உன் தம்பி,
நிங்கராஜு


தெங்கினஹள்ளி
2 ஏப்ரல் 2015

சிரஞ்சீவி நிங்கராஜுவுக்கு,

அக்காவின் ஆசீர்வாதம். நீ சொன்னபடி நின்றுகொண்டுதான் படிக்கத் தொடங்கினேன். நடுவில் உட்கார்ந்துவிட்டேன். அம்மாவிடம் விரல் விஷயத்தை நீ வந்தபிறகு நீயே சொல்லிக்கொள்.

தொட்டியும் இல்லை, ஏரியும் இல்லை. பால் கேன். நாற்பது லிட்டர். நுரை அடங்கியதா என்று குனிந்து பார்த்தேன், இடுப்பில் செருகியிருந்த உன் போன் நேராக உள்ளே போய்விட்டது. முழங்கை வரை விட்டு எடுத்தேன். அந்தக் கேனைப் பால் ஒன்றியத்துக்கு அனுப்பவில்லை, ஊர்க் கன்றுகள் குடித்தன. நாலு மாதம் ராகியில் இருந்தும் உன் போனுக்கு நினைவு திரும்பவில்லை. திறந்து பார்த்த கடைக்காரன், "என்னக்கா, உள்ள வெண்ணெய் திரண்டிருக்கு" என்றான். நாலு மாதமாக இதை உன்னிடம் சொல்லாமல் வைத்திருந்தேன். நீ கையுறை என்று எழுதியதை நான் நம்பியது போல இருந்தேன், நீ ராகி மூட்டையை நம்பியது போல இருந்தாய். சரிக்குச் சரி.

இங்கே ஒரு கூத்து. ஒன்றியத்திலிருந்து ஆள் வந்து பார்த்துவிட்டு, இருபத்திரண்டு ஊர்ச் செயலாளர்களை என்னிடம் கற்றுக்கொள்ள அனுப்பினார்கள். எல்லோரிடமும் என்னுடையதைப் போல நிலைக்கண் போன். ஒவ்வொருத்தியும் வீட்டிலிருந்து யாருடைய கண்ணாடியையோ கழற்றிக்கொண்டு வந்திருந்தாள். ஒருத்தி மாமியாருடையதையே கொண்டுவந்தாள், அவள் முகத்தில் தெரிந்த சந்தோஷத்தை நீ பார்த்திருக்க வேண்டும். சுஹாஸ் வெயில் வகுப்பு எடுத்தான், நான் கொட்டகை வகுப்பு எடுத்தேன். தென்னை ஈர்க்குச்சி இருநூறு நறுக்கினோம். சன்னேகௌடர் எல்லோருக்கும் மோர் ஊற்றினார்.

இருபதாம் தேதி ஸ்டேஷனுக்கு நான், அம்மா, ஹொன்னம்மா வருகிறோம். தும்பெயையும் கூட்டி வர வேண்டும் என்று ஹொன்னம்மா ஒரே பிடிவாதம், பேசிப் பார்க்கிறேன். நீ ரயிலை விட்டு இறங்கியதும் போட்டோவுக்கு என்று நிற்காதே, நடந்து வந்துகொண்டே இரு. என் போன் நடப்பவர்களை நன்றாக எடுக்கும்.

கிட்டே வந்தபிறகு நில். கண்ணாடியைக் கட்டி உன் மூக்கையும் ஒன்று எடுத்து வைக்கப் போகிறேன். விரல் ரேகையும் போய்விட்டது, எட்டு வாரம் ஒரு வரியும் இல்லாமல் நீ போன இடம் தெரியாமல் நான் இங்கே உன் பெயருக்கும் கோடு போட்டுக்கொண்டிருந்தேன். இன்னொரு தடவை அப்படிக் காணாமல் போனால் சந்தை சந்தையாக வந்து கண்டுபிடிக்க எனக்கு ஓர் அடையாளம் வேண்டாமா?

ஒரு சாணும் நாலு விரலும் தள்ளி நின்றால் போதும். அதற்கு மேல் தூரம் வேண்டாம்.

உன் வருகையைப் பார்த்திருக்கும்,
அக்கா மங்களா